கடலில் கொட்டிய மணல் வீணா? லூசியானாவின் தடுப்புத் தீவுகளும் தூர்வாரிய மணலும்

2021 ஆகஸ்ட் 29 அன்று ஐடா புயல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், ஃபோர்ஷான் துறைமுகத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 240 கிலோமீட்டர். அது நேராக வந்து மோதிய இடம் கேமினாடா என்ற கடற்கரை. சில வருடங்களுக்கு முன்னால்தான் அங்கே சுமார் 21.6 கோடி டாலர் செலவில், கடலுக்குள்ளிருந்து மணலை அள்ளி வந்து, 20 கிலோமீட்டர் நீளத்துக்கு மேடு கட்டி முடித்திருந்தார்கள். புயல் அந்த மேட்டைப் பல இடங்களில் உடைத்துப் பின்பக்கம் தள்ளிவிட்டது. இப்படி ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் வரும் கேள்விதான் அப்போதும் வந்தது: இத்தனை பணத்தையும் கடலில்தானே கொட்டினீர்கள்?

நியாயமான கேள்வி. ஆனால் தடுப்புத் தீவு என்பது என்ன, அது எப்படிப் பிழைக்கிறது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. கொட்டிய மணல் கொட்டிய இடத்திலேயே இருக்கிறதா என்று பார்த்தால் எல்லாத் திட்டமும் தோல்விதான். அந்த மணல் தீவை விட்டே போய்விட்டதா, அல்லது தீவுக்குள்ளேயே இடம் மாறிக் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தடுப்புத் தீவுகள் கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, கரைக்கு இணையாக, நீளமாகவும் ஒடுக்கமாகவும் கிடக்கும் மணல் தீவுகள். முன்னால் திறந்த கடல், பின்னால் ஆழமில்லாத விரிகுடா, அதற்கும் பின்னால் சதுப்பு நிலம். லூசியானாவில் இவை உருவான கதை மிசிசிப்பி ஆற்றின் கதை. அந்த ஆறு சுமார் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு வருடங்களுக்கு ஒருமுறை கடலுக்குப் போகும் வழியை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு வழியில் ஓடும் வரை வண்டலைக் கொண்டுவந்து குவித்துப் புது நிலம் கட்டும். வழி மாறியதும் பழைய நிலத்துக்கு வண்டல் வரத்து நின்றுபோகும். அந்த நிலம் முழுக்கச் சேறும் களிமண்ணும் என்பதால் தன் எடையிலேயே இறுகித் தாழும். கடல் உள்ளே வரும். அலைகள் சேற்றைக் கரைத்துக்கொண்டு போய், கனமான மணலை மட்டும் ஓரத்தில் ஒதுக்கிவிட்டுப் போகும். அந்த மணல் முதலில் கரையோடு ஒட்டிய கடற்கரையாக இருக்கும், அப்புறம் பின்னால் நிலம் தாழத் தாழக் கரையிலிருந்து பிரிந்து தீவாகும், கடைசியில் அதுவும் மூழ்கிக் கடலடியில் ஒரு மணல் திட்டாகக் கிடக்கும்.

1980களில் லூசியானாவில் ஆய்வு செய்த நிலவியலாளர்கள் இந்த மூன்று கட்டங்களையும் ஒரே கடற்கரையில் அடையாளம் காட்டினார்கள். கேமினாடா முதல் கட்டம். அதற்கு மேற்கே இருக்கும் ஐல் டெர்னியர் தீவுகளும், கிழக்கே தூரத்தில் இருக்கும் ஷாண்டலூர் தீவுகளும் இரண்டாம் கட்டம். ஷிப் ஷோல் என்ற மூழ்கிய மணல் திட்டு மூன்றாம் கட்டம்; பல ஆயிரம் வருடங்களுக்கு முன்னால் அதுவும் ஒரு கழிமுகத்தின் விளிம்பாக இருந்தது. ஆகவே தீவு கரைவது மட்டும் அதிர்ச்சியான விஷயம் இல்லை. ஆறு வேறு எங்காவது புது நிலம் கட்டிக்கொண்டிருக்கும் வரை, பழைய நிலம் அழிவதைத் தாங்கிக்கொள்ளலாம். புது நிலம் கட்டுவதை நாம் நிறுத்தியதுதான் சிக்கல்.

1927இல் மிசிசிப்பியில் பெருவெள்ளம் வந்தது. மறு வருடமே நாடாளுமன்றம் சட்டம் போட்டு, ஆற்றின் இரு கரைகளையும் உயரமான கரையணைகளால் அடைக்கும் வேலையைக் கூட்டாட்சி அரசின் பொறுப்பாக்கியது. ஊர்கள் பிழைத்தன, சந்தேகமில்லை. ஆனால் வெள்ளக் காலத்தில் கரை தாண்டிச் சதுப்புக்குள் பரவ வேண்டிய வண்டல் நேராக ஆழ்கடலுக்குப் போனது. கேமினாடாவைக் கட்டிய பழைய கிளையாறான லஃபூர்ஷை அதற்கும் முன்பே, 1904இல், தலைப்பில் அணை போட்டு அடைத்துவிட்டார்கள். 1950களில் மிசூரி ஆற்றில் பெரிய அணைகள் வந்ததும், மிசிசிப்பி சுமந்து வரும் வண்டலே பாதிக்கும் கீழே குறைந்தது. இதோடு எண்ணெய், எரிவாயு நிறுவனங்கள் சதுப்பு நிலத்தைக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிய கால்வாய்கள் வழியே உப்பு நீர் உள்ளே ஏறியது. நிலம் தாழ்கிறது, கடல் மட்டமும் உயர்கிறது. இரண்டும் சேர்ந்து கிராண்ட் ஐல் தீவின் அளவுமானியில் நீர்மட்டம் ஆண்டுக்குச் சுமார் 9 மில்லிமீட்டர் ஏறிக்கொண்டிருக்கிறது. 1932 முதல் 2016 வரை லூசியானா கடலோரத்தில் காணாமல் போன நிலம் ஏறக்குறைய 5,000 சதுர கிலோமீட்டர்.

தீவுகளில் இது எப்படித் தெரிகிறது என்றால், ஐல் டெர்னியரைப் பார்க்கலாம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அது ஒரே நீண்ட தீவு. பணக்காரத் தோட்ட முதலாளிகள் கோடைக்கு வந்து தங்கும் ஓய்விடம். 1856 ஆகஸ்ட் 10 அன்று வந்த புயலில் அங்கிருந்த கட்டடங்கள் அடித்துச் செல்லப்பட்டு இருநூறு பேருக்கும் மேல் இறந்தார்கள். அதன்பின் அங்கே யாரும் குடியேறவில்லை. தீவும் துண்டு துண்டாக உடைந்து, இன்று ராக்கூன், விஸ்கி, ட்ரினிட்டி, ஈஸ்ட் என்ற பெயர்களில் சிறு தீவுகளாகக் கிடக்கிறது. இவை எல்லாவற்றிலும் ஒருமுறையாவது தூர்வாரிய மணலைப் போட்டிருக்கிறார்கள்.

சரி, மணலை எப்படிப் போடுகிறார்கள்? கடலடியிலோ ஆற்றடியிலோ இருக்கும் மணலைத் தூர்வாரும் கப்பல் வெட்டி உறிஞ்சும். மணலும் தண்ணீரும் கலந்த குழம்பாக அது மேலே வரும், அதில் தண்ணீர்தான் பெரும்பங்கு. பக்கத்தில் என்றால் அந்தக் குழம்பை இரும்புக் குழாயில் நேராகத் தீவுக்குத் தள்ளுவார்கள். தூரம் அதிகமானால் வழியில் துணைப் பம்புகள் வைக்க வேண்டும். இன்னும் தூரம் என்றால் கப்பலின் வயிற்றிலோ பெரிய மிதவைகளிலோ மணலை ஏற்றி வந்து, கரையருகே மறுபடி தண்ணீர் கலந்து குழாயில் ஏற்ற வேண்டும். குழாயின் வாயில் மணல் படியப் படிய புல்டோசர்கள் அதைத் தள்ளிச் சமப்படுத்தும். பின்பக்கச் சதுப்புக்கு மெல்லிய வண்டலே போதும். அதற்கு முதலில் மண் வரப்பு கட்டி, அதற்குள் சேற்றுக் குழம்பை நிரப்பி, தண்ணீர் வடிந்து இறுகும் வரை மாதக்கணக்கில் விடுவார்கள். பிறகு புல் நடுவது, காற்றில் பறக்கும் மணலைப் பிடிக்கச் சின்ன வேலிகள் போடுவது. வேலியும் புல்லும் செலவில் மிகச் சிறிய பங்கு, ஆனால் மேடு வளர்வதும் தேய்வதும் பெரும்பாலும் அவற்றைப் பொறுத்துத்தான்.

கேமினாடாவில் கட்டிய மேட்டின் உயரம் கடல் மட்டத்திலிருந்து வெறும் 2 மீட்டர் அளவுதான். பெரிய புயலில் கடல் அதைத் தாண்டும் என்று கட்டியவர்களுக்கே தெரியும். இன்னும் உயரமாகக் கட்டக் கூடாதா என்று எவருக்கும் தோன்றும். ஆனால் தடுப்புத் தீவு உயிரோடு இருப்பதே அலை தன்மீது ஏறிப் போவதால்தான். புயலில் தண்ணீர் மேட்டைத் தாண்டும்போது முன்பக்க மணலைச் சுமந்துபோய்ப் பின்பக்கத்தில் விசிறிபோல் பரப்பிவிடும். முன்பக்கம் ஐந்து மீட்டர் போனாலும் பின்பக்கம் ஐந்து மீட்டர் சேர்ந்தால், தீவு உருண்டு நகர்ந்திருக்கிறது, அழியவில்லை. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பின்பக்கம் மணல் விழ ஒரு தளம் வேண்டும். அங்கே சதுப்பு நிலம் இருந்தால் மணல் அதன்மீது தங்கும்; நாலு மீட்டர் ஆழத் தண்ணீர் இருந்தால் மூழ்கிக் காணாமல் போகும். ஆகவே பார்க்க அழகான முன்பக்கக் கடற்கரையைவிட, யாரும் படம் எடுக்காத பின்பக்கச் சதுப்புதான் தீவின் ஆயுளை முடிவு செய்கிறது என்பேன். முன்பக்கத்துக்கு மட்டும் மணல் போட்டு நிறுத்திவிடும் திட்டங்கள் அரைவேலை. கேமினாடாவில்கூட மணல் மேடு முதலில் வந்தது, பின்பக்கச் சதுப்புக்கான வேலை தனித் திட்டமாகப் பிறகுதான் வந்தது.

ஐடாவுக்குப் பிறகு அங்கே நடந்ததை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். உடைப்புகள் விழுந்தது உண்மை, சில இடங்களில் மணல் போனதும் உண்மை. ஆனால் தள்ளப்பட்ட மணலில் கணிசமானது பின்னால் இருந்த சதுப்பின்மீது போய் விழுந்தது. அந்த மணல் போடப்படுவதற்கு முன்னால் கேமினாடா கரை ஆண்டுக்குப் பத்து மீட்டருக்கும் மேல் பின்வாங்கிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் நிற்பது மெக்சிகோ வளைகுடாவின் ஆழ்கடல் எண்ணெய்க் கிணறுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பொருள் அனுப்பும் அந்த ஃபோர்ஷான் துறைமுகம். வெறும் தேய்ந்த கரையாக இருந்தபோது ஐடா வந்திருந்தால் என்ன மிஞ்சியிருக்கும் என்பதையும் சேர்த்துத்தானே கணக்குப் போட வேண்டும்.

இனி மணல் எங்கிருந்து வருகிறது என்ற விஷயம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குக் கடலில் மணலுக்கா பஞ்சம் என்று தோன்றும். லூசியானாவின் கடலடி பெரும்பாலும் சேறு. தீவுக்குத் தேவையான பருமனுள்ள மணல் அங்கங்கே திட்டுத்திட்டாகத்தான் இருக்கிறது. சேறு கலந்த நுண்மணலைக் கடற்கரையில் போட்டால் அலை முதல் பருவத்திலேயே நுண்துகளைப் பிரித்துக்கொண்டு போய்விடும், அதனால் இழப்பையும் கணக்கில் எடுத்துக் கூடுதலாக அள்ள வேண்டும். நல்ல மணல் இருக்கும் பெரிய இடம் அந்த ஷிப் ஷோல் திட்டுதான். நூறு கோடி கன மீட்டருக்கு மேல் மணல் இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். கேமினாடாவுக்கு அங்கிருந்து 40 கிலோமீட்டருக்கும் மேல் சுமந்து வந்தது சுமார் 67 லட்சம் கன மீட்டர். செலவை வகுத்துப் பார்த்தால் ஒரு கன மீட்டருக்கு 32 டாலர் வருகிறது. பழைய கழிமுகத்தின் விளிம்பாக இருந்து மூழ்கிய மணல், இன்றைய கழிமுகத்தின் விளிம்புக்கு ஏறி வருகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

ஆனால் அதுவும் சும்மா கிடக்கும் மணல் இல்லை. ஷிப் ஷோல் நீல நண்டுகள் பெருமளவில் கூடி முட்டை பொரிக்கவிடும் இடம் என்று லூசியானா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். நண்டு லூசியானா மீனவர்களின் முக்கிய வருமானங்களில் ஒன்று. அந்தத் திட்டின் குறுக்கே எண்ணெய்க் குழாய்களும் போகின்றன. குழாயைச் சுற்றிப் பாதுகாப்பு இடைவெளி விட வேண்டும் என்பதால், வரைபடத்தில் இருக்கும் மணலில் பெரும்பகுதியைத் தொடவே முடியாது. கைவிடப்பட்ட பழைய குழாய்களுக்கும் இதே கதிதான். நல்ல மணலைப் பூட்டிவைத்திருக்கும் அந்தக் குழாய்களை அவற்றின் சொந்தக்காரர்கள் அகற்றியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில் அரசு இன்னும் கண்டிப்பாக இருக்கலாம் என்பது என் கருத்து. சேற்றுக் கடலடியில் தோண்டிய பள்ளங்களில் வேறு பிரச்சினை: அவற்றை மணல் மறுபடி நிரப்புவதில்லை, சேறு நிரப்புகிறது, அடியில் ஆக்சிஜன் குறைகிறது.

அதனால்தான் ஆற்று மணல் எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது. ஸ்கோஃபீல்ட் தீவுக்கு மிசிசிப்பியின் அடியிலிருந்து மணலை உறிஞ்சி, கரையணையைத் தாண்டி, சுமார் 35 கிலோமீட்டர் நீளக் குழாயில் தள்ளிக் கொண்டுபோனார்கள். 2013இல் வேலை முடிந்தது. ஆற்றில் தோண்டிய குழியை அடுத்தடுத்த வெள்ளங்கள் நிரப்பிவிடும். ஆறு தானே செய்துவந்த வேலையைக் குழாய் வைத்துச் செய்கிறோம், அவ்வளவுதான். அதே நேரம், கப்பல் வழித்தடத்தைக் காக்க ராணுவப் பொறியாளர் படை வருடா வருடம் இதே ஆற்றைத் தூர்வாருகிறது. வாரிய வண்டலை எங்கே போடுவது என்பதில் அவர்கள் பின்பற்றும் விதி, சுற்றுச்சூழல் சட்டத்துக்கு உட்பட்டு எது மலிவோ அதைச் செய் என்பது. தீவுக்குக் கொண்டுபோவது மலிவான வழியாக இருப்பது அபூர்வம். கூடுதல் செலவை வேறு யாராவது ஏற்றுக்கொண்டால்தான் அந்த வண்டல் உதவுகிறது. இல்லாவிட்டால் ஆழமான நீருக்கே போகிறது. நிலம் இல்லாமல் தவிக்கும் மாநிலத்தில் இது மிகவும் வருத்தமான விஷயம்.

மணலை எங்கே, எதற்காகப் போடுகிறோம் என்று யோசிக்காமல் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2010 சாட்சி. அந்த ஏப்ரலில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் தளம் வெடித்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள், எண்ணெய் கடலில் கொட்டிக்கொண்டே இருந்தது. எண்ணெயைத் தடுக்கத் தீவுகளுக்கு முன்னால் மணல் சுவர் எழுப்ப வேண்டும் என்று அப்போதைய ஆளுநர் பாபி ஜிண்டால் வலியுறுத்தினார். அறிவியலாளர்கள் பலர் எதிர்த்தும் அனுமதி கிடைத்தது. அந்த எண்ணெய்க் கிணற்றின் சொந்தக்காரரான பிபி நிறுவனம் 36 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. ஷாண்டலூர் பக்கத்தில் கட்டியது சுமார் 15 கிலோமீட்டர் நீளம். பிறகு ஆராய்ந்த தேசிய ஆணையம், கிட்டத்தட்ட 50 லட்சம் பீப்பாய் எண்ணெய் கொட்டிய விபத்தில் மணல் சுவர்கள் பிடித்தது ஆயிரம் பீப்பாய் அளவுதான் என்று சொன்னது. சுவரும் அடுத்த இரண்டு வருடங்களில் பெரும்பாலும் கரைந்துபோனது. ஒல்லியான சுவர், பல இடங்களில் பின்னால் தாங்க எதுவும் இல்லை, புல்லும் இல்லை. ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: அந்த மணலில் ஒரு பகுதி தீவுகளின்மீது போய்ச் சேர்ந்தது, அது வீணாகவில்லை. ஆனால் அந்தப் பணத்தில் அகலமான, பின்பக்கம் பலப்படுத்திய தீவைக் கட்டியிருக்கலாம்.

அதே விபத்துதான் இன்று நடக்கும் பெரும்பாலான மணல் வேலைக்குப் பணம் தருகிறது என்பதும் உண்மை. 2016இல் நீதிமன்றம் ஏற்ற 2,080 கோடி டாலர் தீர்வில், இயற்கையை மீட்கவென்று லூசியானாவுக்கு வந்தது 500 கோடி டாலர். கத்ரீனா புயலுக்குப் பிறகு 2005இல் உருவான மாநிலக் கடலோரப் பாதுகாப்பு ஆணையம் இந்தப் பணத்தைக் கொண்டு தீவு தீவாக வேலை செய்துவருகிறது. பழுப்புக் கூழைக்கடாக்கள் கூடு கட்டும் குவீன் பெஸ் என்ற சிறு தீவு, கூட்டுக்கு ஏற்ற இடம் 2 ஹெக்டேராகச் சுருங்கியிருந்த நிலையில், 2020இல் ஆற்று மணலால் மறுபடி 15 ஹெக்டேர் அளவுக்கு வந்தது. பூச்சிமருந்துகளால் 1963வாக்கில் இந்தப் பறவை லூசியானாவிலேயே இல்லாமல் போய், ஃப்ளோரிடாவிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டபோது, அவை முதலில் கூடு கட்டிய இடங்களில் ஒன்று அந்தத் தீவு. மணல் இறைத்த அதே வருடமே பறவைகள் வந்து கூடு கட்டின.

இதெல்லாம் சரி, தீவுக்கு மட்டும் மணல் போட்டுக்கொண்டே இருந்தால் போதுமா? போதாது. காரணம் தீவுகளுக்கு நடுவே இருக்கும் முகத்துவாரங்களில் இருக்கிறது. பின்னால் இருக்கும் சதுப்பு கரைந்து திறந்த நீராக மாறினால், ஒவ்வொரு ஓதத்துக்கும் விரிகுடாவுக்குள் போய்வரும் தண்ணீரின் அளவு கூடுகிறது. அவ்வளவு தண்ணீரும் முகத்துவாரம் வழியாகத்தான் போய்வர வேண்டும், ஆகவே முகத்துவாரம் அகலமாகிறது, ஆழமாகிறது. வடியும் நீர் தீவின் மணலை இழுத்துப் போய்க் கடல் பக்கம் திட்டாகக் குவிக்கிறது. கிராண்ட் ஐலுக்குப் பின்னால் இருக்கும் பரடேரியா விரிகுடாவில் இது பல பத்தாண்டுகளாக அளந்து பார்த்த விஷயம். தீவு சதுப்பை அலையிலிருந்து காக்கிறது என்று எல்லோரும் சொல்வோம். சதுப்புதான் தீவைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதும் அதே அளவு உண்மை.

அந்தச் சதுப்பை மீட்க, கரையணையில் மதகு வைத்து ஆற்று நீரையும் வண்டலையும் பரடேரியாவுக்குள் திருப்பிவிடும் திட்டம் ஒன்று இருந்தது. சுமார் 300 கோடி டாலர் செலவு, 2023இல் வேலையும் தொடங்கியது. நன்னீர் வந்தால் சிப்பியும் இறாலும் போய்விடும் என்று மீனவர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் பயம் கற்பனை இல்லை, திட்டத்தின் ஆய்வறிக்கையே அந்த இழப்பை ஒப்புக்கொண்டது. 2025 ஜூலையில் மாநில அரசு திட்டத்தைக் கைவிட்டது. தூர்வாரி நிரப்பினாலே போதும் என்ற பேச்சு அதற்குப் பிறகு இன்னும் பலமாகக் கேட்கிறது. தூர்வாருவது வேகமானது, கண்ணுக்குத் தெரியும், யாருடைய தொழிலையும் உடனே கெடுக்காது. ஆனால் குழாயை மூடிய நாளிலிருந்து அந்த நிலமும் தாழத் தொடங்கும். திரும்பத் திரும்பப் போட வேண்டும், ஒவ்வொரு முறைக்கும் பணம் வேண்டும். எண்ணெய் விபத்துப் பணமோ 2030களின் தொடக்கத்தில் தீர்ந்துவிடும். அதன்பின் பராமரிப்புச் செலவை யார் தருவது என்று இப்போதே சட்டமாக எழுதாமல் புதுத் தீவுகளைத் திறந்துவைப்பது சரியில்லை. மணல் போடும் ஒப்பந்தத்தோடு அடுத்த இருபது வருடப் பராமரிப்புக்கான நிதியையும் ஒதுக்கினால்தான் அது முழுத் திட்டம்.

இந்தப் பின்னணியில்தான் ஷாண்டலூர் தீவுகளுக்கான திட்டம் இப்போது தயாராகிறது. 2005இல் கத்ரீனா அந்தத் தீவுகளின் நிலப்பரப்பில் சுமார் 85 சதவீதத்தை ஒரே அடியில் எடுத்துவிட்டது. அங்கே துறைமுகம் இல்லை, ஊர் இல்லை, வாக்காளர் ஒருவர்கூட இல்லை. 1904இல் தியடோர் ரூஸ்வெல்ட் காலத்தில் அறிவித்த பறவைக் காப்பிடம் அது. நியூ ஆர்லியன்ஸுக்கு வரும் புயல் வெள்ளத்தை அந்தத் தீவுகள் தடுத்துவிடும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஒடுக்கமான மணல் தீவு அலையின் வேகத்தைக் குறைக்கும், ஆனால் ஏறி வரும் கடல் மட்டம் தீவைச் சுற்றியும் அதன் மேலாகவும் உள்ளே வந்துவிடும். அதைக் காப்பாற்றச் சொல்லும் காரணம் வேறு. லூசியானாவில் கடல்புல் பரந்து வளரும் இடம் அந்தத் தீவுகளின் பின்பக்கம் ஒன்றுதான். 2022இல் அழியும் நிலையில் உள்ள கெம்ப் ரிட்லி ஆமைகளின் குஞ்சுகள் அங்கே கண்டறியப்பட்டன, 75 வருடங்களில் முதல்முறையாக. தீவு போனால் அலை நேரடியாகக் கடல்புல்மீது விழும், புல்லும் போய்விடும்.

மணலும் பக்கத்திலேயே இருக்கிறது. தீவுகளின் வடக்கு முனையில் ஹியூஸ் பாயின்ட் என்ற இடத்தில், நீரோட்டம் தீவின் மணலையே வருடக்கணக்காகத் தள்ளிக்கொண்டு போய் ஆழத்தில் சேர்த்து வைத்திருக்கிறது. தீவுக்கு இனி தானாகத் திரும்பி வராத மணல் அது. அதை எடுத்து மறுபடி நடுத் தீவில், அகலமாகவும் தாழ்வாகவும், பின்பக்கச் சதுப்போடு சேர்த்துப் போட வேண்டும். எண்ணெய் விபத்துப் பணம் கையில் இருக்கும் இந்தச் சில வருடங்களுக்குள் அதைத் தொடங்கிவிட வேண்டும்.